மச்சான் கேட்ட சிலை

"என் பொணத்து மேல ஏறித்தான் இதைத் தூக்கணும்!"

தையல்காரர் தன் கடை வாசலில் இருந்த சிலையின் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கிரேன்காரர் கொக்கியைத் தொங்கவிட்டபடி கொட்டாவி விட்டார்.

சிலை என்றால் வண்டியோடு ஒரு குதிரை வண்டிக்காரர். குதிரைக்குக் காசு பத்தவில்லை போலிருக்கிறது, அது மட்டும் இல்லை. ஊர்ப் பெருமையைக் காட்டுகிறோம் என்று மாநகராட்சி தெருவுக்கு ஒரு சிலையாக நட்டு, 'சிற்பப் பாதை, அனுமதி இலவசம்' என்று பலகை வேறு மாட்டியிருந்தது. தெருவில் நடக்க எவன் காசு கேட்டான், இவர்கள் இலவசமாக விட?

வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தார்கள். அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளத்தான் காலையிலிருந்து அத்தனை கூட்டம்.

இந்தச் சிலையை முதலில் எதிர்ப்பக்கம் செருப்புக் கடை வாசலில் வைப்பதாகத்தான் இருந்தது. செருப்புக் கடைக்காரர் தையல்காரருக்கு மச்சான், பெண்டாட்டியின் கூடப் பிறந்த அண்ணன். "சும்மா குடுக்கிறானா? அப்ப உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று அவர்தான் வந்தவர்களை விரட்டிவிட்டார். அவர் குணம் அப்படி. வலியக் கொடுத்தால் தொடமாட்டார். அடுத்தவன் இறுக்கிப் பிடித்திருந்தால் விடமாட்டார்.

சிலை இந்தப் பக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தையல் கடைக்குள் ஜனம் போவதும் வருவதுமாக இருந்தது. மச்சான் எதிரே ஈ ஓட்டிக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து வெந்துபோனார். கடைசியில் மாநகராட்சிக்கு நடையாய் நடந்து, சிலையைத் தன் வாசலுக்கு மாற்ற உத்தரவு வாங்கிவிட்டார்.

"எழுந்திருங்க மாப்ளே. தெருவுல மானம் போவுது."

"மானமா? எனக்குப் பொழப்பே போவுது மச்சான்! உங்க தங்கச்சி சோத்துல மண்ணைப் போடுறீங்களே, நல்லா இருக்கா?"

"இத்தனை நாள் நீங்க தின்னீங்கல்ல? இனிமே நான் கொஞ்சம் தின்னுக்கறேன்."

தையல்காரர் மனைவி கடைப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "அண்ணே, கூடப் பொறந்தவளுக்குச் செய்யற காரியமா இது?"

"நீ பேசாம இரு. செருப்பு வாங்க வர்றவன் கூட உன் வீட்டுக்காரர் கடைக்குள்ளதான் போய் நிக்கிறான்."

படம் எடுக்க வந்த ஒரு அம்மாள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "சார், அப்படியே அழுதுட்டு இருங்க, நல்லா வருது. நீங்களும் இந்தச் சிற்பத்துல சேர்த்திதானா?"

அவளைத் தள்ளிக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "அங்கிள், ஒரு ஊக்கு வேணும். அப்படியே உங்க பெரிய கண்ணாடியில தலையும் சீவிக்கறேன். எல்லாம் இலவசந்தானே?"

"உள்ள டப்பாவுல இருக்கு, எடுத்துக்கம்மா" என்றார் தையல்காரர், சக்கரத்தை விடாமல்.

மச்சான் மாநகராட்சி எஞ்சினியரின் காதைக் கடித்தார். "பாத்தீங்களா சார்? இப்படித்தான் ஆளை வளைச்சு வளைச்சு உள்ள அனுப்பறாரு!"

எஞ்சினியர் இளகின மனசுக்காரர். வெயிலில் நிற்கப் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். தையல்காரரிடம் குனிந்து பேனாவை நீட்டினார். "ஆட்சேபம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும். சிலையை இங்கயே விட்டுட்டு நான் போயிடறேன்."

மச்சானுக்கு முகம் செத்துப்போயிற்று.

தையல்காரர் பேனாவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "இந்த நிலைமையில கையெழுத்தா? கை வெடவெடங்குது சார். சொந்தத்துக்குள்ள வழக்குன்னு போய் நிக்க மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம்!"

"அப்புறம் என்ன? தூக்குப்பா!" என்று மச்சான் கிரேன்காரரைப் பார்த்துக் கத்தினார்.

இரண்டு பேர் வந்து தையல்காரரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வண்டிக்காரர் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, செருப்புக் கடை வாசலை அடைத்துக்கொண்டு இறங்கினார். ஜனமும் அவர் பின்னாலேயே போயிற்று. "கடைக்காரரே, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று அங்கே முதல் குரல் கேட்டது. மச்சான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மலர்ந்து நின்றார்.

ஜெயித்ததும் மனசு கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மனசுல வெச்சுக்காதீங்க மாப்ளே! எப்ப வேணா வாங்க, வண்டியில உக்காந்து படம் எடுத்துக்குங்க!"

தையல்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். துணி வெட்டும் மேஜை மேல், சிலை வந்த நாளிலிருந்து தைக்காமல் குவிந்து கிடந்த துணிகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. எதிரே மச்சான் அதைப் பார்த்து 'பாவம்' என்று உச்சுக் கொட்டினார்.

மனைவி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். கையில் கிடைத்த துணியைச் சுருட்டி அவர் வாயில் அடைத்தாள்.

"சத்தமாச் சிரிக்காதீங்க, அண்ணன் காதுல விழுந்தா திருப்பிக் கொண்டாந்து வெச்சிருவாரு!"