கண்ணாடிக்குப் பின்னால் அத்தா

“உன் கருவி ஜெயிச்சா பெல்ஜியத்துக்குப் போ. தோத்துட்டா, ராம்நாட்டுல ஏதாவது காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டு இங்கனயே இரு. சம்மதமா?” என்றார் தாஹா.

“சம்மதம் அத்தா” என்றாள் அம்ரீன்.

உடற்சூட்டிலிருந்து வீசும் அகச்சிவப்பு ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. அதை உணரும் குறைக்கடத்திப் படலம் ஒன்றையும், அந்தச் சூட்டைத் திரையில் படமாகக் காட்டும் மாதிரிக் கருவி ஒன்றையும் அம்ரீன் ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தாள். அந்தப் படலத்தைச் சிலிக்கான் சில்லோடு இணைக்கும் ஆராய்ச்சிக்காகப் பெல்ஜியத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. அனுமதிக்க வேண்டியவரோ, பாதி ஆயுளைச் சவூதியின் தமாமில் தனியே கழித்துவிட்டுத் தேவிபட்டினம் திரும்பியவர். மகளின் ஆராய்ச்சியைப் பற்றி அவர் இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

“அத்தா, இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குப் பின்னால கைய வச்சுக்கங்க. எத்தனை விரல் நீட்டுறீங்கன்னு திரையைப் பாத்தே சொல்லிருவேன்.”

“பையா? பாவம், நீ தோத்துருவ. எம் புள்ளைக்குச் சுளுவா இருக்கட்டும்.”

தாஹா வெளியே போனார். ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். அதன் பின்னால் மூன்று விரல்களை நீட்டி நின்றார்.

“இது எனக்கே தெரியுதே! இதுக்கு எதுக்குடி கருவி?” என்று சிரித்தாள் தாய் மெஹருன்னிசா.

அம்ரீனின் முகம் வாடியது. திரையில் விரலும் இல்லை, தாஹாவும் இல்லை. மங்கலானதொரு பரப்பு மட்டுமே தெரிந்தது.

“என்னடி இது? இம்புட்டு வருசம் படிச்சு, கண்ணாடிக்கு அங்கிட்டு நிக்கிற மனுசனத் தெரியலையா?”

“சூடு கறுப்புப் பையைத் தாண்டி வந்துரும்மா. கண்ணாடியத் தாண்டாது. நம்ம கண்ணுக்கு நேர் எதிர்.”

“யா அல்லாஹ்! அந்த மனுசனுக்கு அது எங்க தெரியும்? ஏங்க, உள்ள வாங்க. பையை வச்சு இன்னொரு தடவ பாப்போம்.”

“பந்தயம்னா பந்தயந்தான்” என்றபடி தாஹா உள்ளே வந்தார். மகள் இருந்த பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

அம்ரீன் அவரையே உற்றுப் பார்த்தாள்.

“விவரம் தெரியாதவங்க யாரா இருந்தாலும், என்னைத் தோக்கடிக்கக் கறுப்புப் பையத்தானே எடுப்பாங்க? நீங்க ஏன் அத்தா கண்ணாடிக்குப் போனீங்க?”

தாஹா துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தார்.

“பெல்ஜியத்துக்குப் போயாவது கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. யூடியூப்ல உன் லெக்சரத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாத்தான் எனக்கு விளங்குது.”