கைக்கெட்டும் பாளை

பதினான்கு நாள் தன் புருஷனை ரிமாண்டில் தள்ளிய அண்ணனுக்கு டயனா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். கடித்துக்கொள்ள இரண்டு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் வைத்தாள்.

"கோவமெல்லாம் போயிருச்சா தங்கச்சி?" ரொஹான் சிரித்தான்.

"கோவப்பட்டு என்னண்ணே ஆகப்போகுது? குடிங்க, ஆறிரும்."

ரொஹானுக்குக் கலேவெலயில் போன் கடை. கித்துள் சாற்றில் காய்ச்சும் பாணிக்குக் கொழும்பில் கிராக்கி ஏறியதிலிருந்து, அப்பாவின் இரத்தோட்டைக் காணி மேல் அவனுக்குத் திடீர்ப் பாசம். அங்கே பாளை சீவிப் பிழைத்த தங்கையையும் மச்சானையும் கிளப்ப வேண்டுமே! மச்சான் கிறிஸ்தோபர் கசிப்புச் சாராயம் காய்ச்சி விற்கிறான் என்று போன வருடம் பொலீசுக்குப் பெட்டிசம் எழுதினான்.

அவர்கள் காய்ச்சியது பாணியும் கருப்பட்டியும்தான். அது தெளிவாவதற்குள் கிறிஸ்தோபர் பதினான்கு நாள் உள்ளே இருந்துவிட்டான். தினமும் சீவ ஆளில்லாமல் பத்து மரத்தின் பாளையும் காய்ந்துபோனது.

வெளியே வந்தவன் முதலில் தேடியது பாளைக் கத்தியை. டயனா அதை ஒளித்து வைத்திருந்தாள்.

"வெட்டிட்டு மறுபடி உள்ள போகப்போறியளா? அவரு கேக்குறதையே குடுத்துருவோம்."

இன்று காணி இரண்டாகிறது. பிரித்தது டயனா, முதலில் எடுப்பது அண்ணன். நொத்தாரிஸ் காணி உறுதிக் கடதாசிகளைக் காரின் பொனட்டில் விரித்துவிட்டு, இரண்டு சாட்சிகளோடு காத்திருந்தார்.

மேல் பாதியில், அப்பா ஒரே வருடத்தில் நட்ட பத்துப் பெரிய கித்துள். அவற்றைத் தவிர வெறும் பாறை. பழைய பாளைகளின் காய்ந்த கட்டைகள் உச்சியிலிருந்து ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. இந்த வருடத்துப் பாளை, சின்ன ஏணி வைத்தாலே கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது.

கீழ்ப் பாதியில், கல்யாணமான நாளிலிருந்து கிறிஸ்தோபர் வருடாவருடம் நட்டு வளர்த்த மரங்கள். மூன்றில் மட்டும் முதல் பாளை தள்ளியிருந்தது, அதுவும் நாற்பது அடி உயரத்தில். மற்றவை இன்னும் பூக்கவேயில்லை.

ரொஹான் அண்ணாந்து பார்த்தான். "இந்தக் குரங்கு வேலையெல்லாம் நமக்கு எதுக்கு? அது மச்சானுக்குத்தான் பொருத்தம். மேல் பாதி எனக்கு."

"அது மட்டும் வேணாமேண்ணே." டயனாவின் குரல் நடுங்கியது. "பத்து மரமும் சாறு விடுற நேரம்."

"அதுக்குத்தானே கேக்குறேன்!" ரொஹான் கிறிஸ்தோபரின் வயிற்றைத் தட்டினான். "பதினாலு நாள் சும்மா குந்தித் தின்ன உடம்பு மச்சான். உச்சி வரைக்கும் ஏறுங்க, இறங்கிரும்."

கிறிஸ்தோபர் ஓரடி முன்னால் வந்தான். டயனா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறகு மாத்திக் கேட்டு யாரும் வரக்கூடாதுன்னு எழுதுங்க சேர்," என்றான் ரொஹான். "பொம்பளைங்க அழுதுகிட்டு வருவாங்க."

"அதெல்லாம் எழுதியிருக்கு," என்றார் நொத்தாரிஸ்.

ரொஹான் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டான். டயனா அவன் பெயருக்குக் கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். சாட்சிகளும் போட்டு முடித்தார்கள்.

ரொஹான் போய் ஒரு மரத்தைத் தட்டிக் கொடுத்தான். "நாளைக்கே ஆள் போட்டுச் சீவப்போறேன். சொல்லு தங்கச்சி, இந்தப் பாளை எவ்வளவு நாளைக்கு ஓடும்?"

"மூணு நாலு மாசம்."

"பரவாயில்லையே! அடுத்த பாளை எப்ப வரும்?"

டயனா பேனாவை மூடி நொத்தாரிஸிடம் நீட்டினாள். இப்போது அவள் குரல் நடுங்கவில்லை.

"கித்துள் உச்சியில பூக்கத் தொடங்கிக் கீழ இறங்குமண்ணே, அடியில வர்றது கடைசிப் பாளை, அதோட மரம் செத்துரும்."