எண்பத்து மூன்று பொட்டு

“எண்பத்தி மூணு பொட்டு! அத்தனையும் உன் இடத்துலதான் ஒட்டியிருக்கு, நல்லா பாத்துக்கோ!”

பி.டி. மாஸ்டர் தேவா, சுவரில் தொங்கிய சார்ட்டைப் பிரம்பால் தட்டினார். பள்ளிக்கூடத்தில் பிரம்பு கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. அதனால் இங்கே அதற்குப் ‘பாயிண்டர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அடடா, என்ன மூளை!

பழக்கூடையைக் காலடியில் வைத்துவிட்டு எதிரே நின்ற வஹீதுன்னிசா முழித்தாள். கள்ளிக்குப்பத்தில் அந்தத் தனியார் பள்ளியின் பின் கேட்டுக்கு வெளியே பதினோரு வருஷமாகக் கொய்யாவும் மாங்காய்க் கீற்றும் விற்கிறவள். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு பிரின்சிபால் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“இன்னா பொட்டு சார்? எனக்கு ஒண்ணும் பிரியல.”

பிரின்சிபால் வீரராகவன் தொண்டையைச் செருமினார். “பள்ளிப் பாதுகாப்புத் திட்டம்மா. அடுத்த வாரம் அதிகாரிங்க வராங்க. பசங்கள ஒவ்வொருத்தரா லைப்ரரிக்கு அனுப்பி, ‘இந்தப் படத்துல எந்த இடம் உங்களுக்குப் பயமா இருக்கோ, அங்க ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்க’ன்னு சொன்னோம். எல்லாரும் ஒரே மூலையில ஒட்டியிருக்காங்க. பின் கேட்டு. உன் கடை.”

“லைப்ரரியிலேர்ந்து நான்தான் எடுத்துட்டு வந்து மாட்டுனேன்,” என்றார் தேவா, பதக்கம் வாங்கியவர் மாதிரி. “பாத்ததுமே சொன்னேன், தப்பு வெளியிலேர்ந்துதான் வருதுன்னு.”

“புள்ளைங்க என்னியக் கண்டு பயப்படுதா? மூக்கச் சிந்திக்கினு வர்ற புள்ளைக்கு ஒரு துண்டு கொய்யா சும்மா குடுத்து, கண்ணத் தொடச்சி அனுப்புறவ சார் நானு!”

“கேட்டீங்களா சார்? இவகிட்ட போற பசங்க அழுவுறாங்களாம். அவளே ஒத்துக்கிட்டா!”

வீரராகவன் பேனாவைத் திறந்தார். “அப்ப முடிவு பண்ணிடலாம். பின் கேட்டை மூடிட்டு பத்தடிக்குச் சுவர், ரெண்டு கேமரா. நாளையிலேர்ந்து நீ அங்க கடை போடக்கூடாது. போட்டா போலீஸ்தான்.”

“யா அல்லா! அத்த உட்டா சோத்துக்கு நான் எங்க சார் போவேன்? ஊட்ல மூணு வயிறு கீது!”

“அதெல்லாம் எங்க திட்டத்துல வராதும்மா.”

வஹீதுன்னிசாவுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. விறுவிறுவென்று சார்ட்டுக்குப் பக்கத்தில் போனாள். சின்னப் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று எழுத்தே இல்லாமல் டிராயிங் மாஸ்டர் வரைந்த படம். முன்னால் ஒரு கேட், பின்னால் ஒரு கேட், நடுவில் கட்டம் கட்டமாக அறைகள். பொட்டுகள் மொய்த்திருந்த மூலையை ஒட்டிப் பச்சையாக ஒரு வட்டம்.

“இது இன்னா பச்சையா?”

“உன் குடை,” என்றார் தேவா அலட்சியமாக.

“என்கிட்ட ஏது நைனா குடை? பதினோரு வருஷமா மொட்ட வெயில்ல கருவாடா காஞ்சிகினு கீறேன்!”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேப்பங்கிளை ஒன்று கம்பிகளை உரசிக்கொண்டிருந்தது.

“இது மரம் சார். இந்த இஸ்கோலு மொத்தத்துக்கும் ஒரே ஒரு மரம். அது உங்க ஜன்னலாண்ட கீது.”

அவளே ஊசிகளைப் பிடுங்கி, சார்ட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள்.

“மாட்னவருக்குத் தல எது, காலு எதுன்னு தெர்ல.”

இப்போது பின் கேட்டுப் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. எண்பத்து மூன்றும் முன் மூலையில், வேப்பமரத்தை ஒட்டிய அறையில், தப்பு செய்த பிள்ளைகளைக் கூட்டிவந்து கதவைச் சாத்தும் இதே பிரின்சிபால் அறையில் ஒட்டியிருந்தன. தேவா பாயிண்டரை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போன வஹீதுன்னிசா திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

“அந்தப் பத்தடிச் சுவரு… இந்த ரூமச் சுத்தித்தானே சார் கட்டப்போறீங்க?”