மணமாகாதவர்

தூதரகத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில், கைகழுவும் இடத்தில் வைத்துத் தனபாக்கியம் தன் மகளின் கழுத்திலிருந்து தாலிக்கயிற்றைக் கழற்றினாள். மகன் தயவில் அமெரிக்காவில் குடியேறியவள், மணமாகாத மகள் என்று எழுதி எழிலரசிக்குக் குடியேற்ற மனுப் போட்டு எட்டு வருடம் காத்திருந்தாள். நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பு, பொறுக்கமாட்டாமல் எழில் குமரவேலைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் தெரிந்தால் மனு செல்லாது. "பதிய வேணாம், யாருக்கும் சொல்லவும் வேணாம்" என்று போனில் சொன்னது தனபாக்கியம்தான்.

"நானே கழட்டிக்கிறேனேம்மா" என்றாள் எழில்.

"வேணாம்டி. அந்தப் பாவம் என் கையோட போகட்டும்."

கயிற்றின் மஞ்சள் அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மணி நேரம் கழித்து எழில் வெளியே வந்தாள். "உண்மைதான் சொல்வேன்னு கையத் தூக்கச் சொன்னாங்கம்மா. தூக்கிட்டு, கல்யாணம் ஆகலைன்னேன். விசா குடுத்துட்டாங்க."

மரத்தடியில் காத்திருந்த குமரவேல் தண்ணீர் பாட்டிலோடு சாலையைக் கடந்து ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "இவ அங்க போனதும் எனக்கு மனுப் போட்டா எத்தனை மாசம் ஆகும் அத்தை?"

அவனுக்கு மனுப் போட்டால் இன்றைய பொய் வெளிவரும், எழிலையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் போன வாரமே சொல்லியிருந்தார். தனபாக்கியம் அதை இருவரிடமும் சொல்லவில்லை.

எழிலுக்கென்று அவன் நீட்டிய பாட்டிலைத் தனபாக்கியம் குறுக்கே கைநீட்டி வாங்கினாள். அண்ணாந்து, அது காலியாகும்வரை கையை இறக்காமல் குடித்தாள்.