கலங்காத மனம்

மனம் கலங்கியவர்களை உலைப் பக்கம் விடக்கூடாது என்பது அந்தக் கோயமுத்தூர் பவுண்டரியின் சட்டம். வாசலில் கையை நீட்டினால், மனநிலையை அளக்கும் மணிக்கட்டுப் பட்டை பச்சையாகவோ சிவப்பாகவோ எரியும்; பச்சை எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே வேலை பார்க்கும் கருணாம்பிகைக்குப் பதினெட்டு நாட்களாகச் சிவப்புதான். உருகிய இரும்பு தெறித்து அவள் கணவன் வேலுமணி இறந்ததும் அந்த உலைப் பக்கம்தான்.

"இன்னிக்கும் விட முடியாதுங்க அக்கா. உங்க நல்லதுக்குத்தானுங்க," என்றார் வாசல் காவலர் நாச்சிமுத்து.

"வூட்ல சும்மா உக்காந்தா அவரு நெனப்பு இன்னும்தானுங்க வருது."

அன்றே வேலுமணியின் படத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ஏழு வயது மகள் மகிழாவிடம், "கொஞ்ச நாளைக்கு அப்பா பேச்சு வேண்டாங் கண்ணு. அம்மா வேலைக்குப் போகோணும்," என்றாள். பிள்ளை தலையாட்டியது. அவர் நினைவு வரும்போதெல்லாம் கருணாம்பிகை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் பட்டை பச்சையானது. உள்ளே போய், அவர் விழுந்த இடத்தைத் தாண்டி நடந்தாள். நெஞ்சில் ஒன்றுமே அசையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மகிழா கதவோரம் அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன சாமி?"

"நேத்து கனாவுல அப்பா வந்தாரும்மா." சொன்னவள் சட்டென்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நாளைக்கு உன்னைய உள்ள விடமாட்டாங்களா?"

கருணாம்பிகை அந்தச் சின்னக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"விடாட்டிப் போறாங்க. சொல்லு கண்ணு, அப்பா என்ன சொன்னாரு?"

கேட்டு முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.