மூன்றாவது மடிப்பு

நீளமான அந்தக் கூடத்தில் மண்டியிட்டு, மூன்றாவது தடவையாகத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள் மனைவி. வாசலில் நின்ற கணவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நேரமாச்சு! போதும், எழுந்து வா."

"இந்த ஓரத்துல ஒரு சுருக்கம் இருக்கு. பிரிச்சு மடிச்சாத்தான் சரியா வரும்."

"இருந்துட்டுப் போகட்டுமே! யாரு பார்க்கப் போறாங்க? 'பாரத்தைக் கிருஷ்ணன் மேல போட்டாச்சு, அவன் பார்த்துப்பான்'னு காலையில விளக்கேத்தும்போது நீதானே சொன்னே?"

"பாரத்தைப் போட்டாச்சு. அதுக்காக மடிக்கிற வேலையையும் அவன் தலையிலயா கட்டுறது?"

முணுமுணுத்தபடி காத்திருந்தான். அவள் கடைசி மடிப்பை அழுத்திப் பையில் அடக்கி, பட்டைகளை இழுத்துப் பார்த்து, கண்மூடிக் கும்பிட்டுவிட்டு அவன் முதுகில் மாட்டிவிட்டாள்.

அரை மணி நேரத்தில், விமானத்தின் திறந்த கதவு வழியே "கிருஷ்ணா!" என்று அலறிக்கொண்டு குதித்தான். கயிற்றை இழுத்தான். தலைக்கு மேல் படீரென்று விரிந்தது பாராசூட், ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

தரையில் கால் பட்டதும் கூத்தாடினான். "பார்த்தியா, கிருஷ்ணன் காப்பாத்திட்டான்!"

"அவன் வேலை முடிஞ்சுடுச்சு," என்றாள் மனைவி. "துணியை மண்ணுல இழுக்காம கொண்டு வா. நான் மறுபடி மடிக்கணும்."