கவுண்டியில் ஒன்பது வருஷம்

கவுண்டியில் ஒன்பது வருஷமா என்று ரே இரண்டாவது தடவையும் கேட்டார். குரல் தணிந்திருந்தது.

ஆமாம் என்றார் சேனாபதி.

இரண்டாயிரத்தொன்று, ஏப்ரல். அமெரிக்காவின் டப்ளினில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஆபீஸ். புல்தரையைப் பராமரிக்க ஆள் எடுக்கிறார் ரே.

சேனாபதிக்கு நாற்பத்தாறு வயது. மனைவி சாரதாவுக்கு சான்டா கிளாராவில் வேலை போய் மூன்று மாதம். இவர் பதினோரு இடத்தில் மனுப் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. இதுவும் கைவிட்டால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கோயமுத்தூருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. இடது கையால் பந்தைச் சுழற்றுவது. புல்தரையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குணத்தைச் சொல்வது. இங்கிலாந்தில் ஒரு கவுண்டி, அதாவது மாவட்ட, கிரிக்கெட் அணி ஒன்பது வருஷம் சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது அதற்காகத்தான்.

அங்கே ரொம்பக் கஷ்டமா என்றார் ரே.

குளிர்தான் கஷ்டம். மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும்.

சாப்பாடு?

உருளைக்கிழங்கு.

வீட்டிலிருந்து வந்து பார்த்தார்களா?

சாரதா இரண்டு முறை வந்தாள். அப்பா தவறியபோது ஊருக்கு அனுப்பவில்லை.

ரே கண்களை மூடித் திறந்தார்.

புல் வெட்டுகிற வேலைக்கு இதெல்லாம் எதற்கு என்று சேனாபதிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பத்து வருஷமாக யாருமே கேட்காத கேள்விகள். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் மாரிசாமிதான் அவரைச் சிபாரிசு செய்து அழைத்து வந்தவர், சூலூர்க்காரர். பக்கத்தில் உட்கார்ந்தபடி விண்ணப்பத்தை இப்போதுதான் எட்டிப் பார்த்தார்.

விலகிய காரணம்: 'ரிலீஸ்டு'.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத ஆட்டக்காரருக்குக் கவுண்டி அணி அனுப்பும் கடிதத்தில் இருக்கும் வார்த்தை. சேனாபதி அதை அப்படியே எழுதியிருந்தார்.

மாரிசாமி அவர் காதருகே குனிந்தார். "அண்ணா, குடி முழுகுச்சுங்க! இந்த ஊர்ல கவுண்டின்னா கவுண்டி ஜெயிலுங்க. ஒம்போது வருஷம் உள்ள இருந்துட்டு ரிலீஸ் ஆனவர்னு நெனச்சுட்டிருக்காருங்க."

பதினோரு இடமும் ஏன் வாய் திறக்கவில்லை என்பது சேனாபதிக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

பேசாமல் இருந்தால் வேலை கிடைத்துவிடும். அது அவருக்கும் தெரிந்தது.

எழுந்து நின்றார். "சார், நான் ஜெயிலுக்குப் போனவன் இல்லை. கிரிக்கெட் ஆடினவன். முந்நூற்றுப் பன்னிரண்டு விக்கெட் எடுத்திருக்கிறேன்."

ரே அவரையே பார்த்தார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து தோளில் கை வைத்தார்.

தன் தம்பியும் ஜெயிலிலிருந்து வெளியே வந்த புதிதில், அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போயிருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னான் என்றார். இங்கே எதையும் மறைக்க வேண்டாம், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அமெரிக்காவில் சேனாபதி தன் விக்கெட்டுகளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

கேட்டவர், முந்நூற்றுப் பன்னிரண்டையும் மன்னித்துவிட்டார்.